தலை மட்டும் ஒட்டிய சீட்டு

ஆடிக் காற்றில் காகிதத்தை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது லேசில்லை. அடி அண்ணாமலையில் இருசப்பன் வீட்டுக் கூடத்தில் அன்றைக்கு ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள். தரையெங்கும் தட்டச்சுத் தாள்கள். ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு கனம்: படி, ஆழாக்கு, அம்மிக் குழவி, வாசல் பூட்டு. நடுவில் இருசப்பன் சட்டையில்லாமல் உட்கார்ந்து, கோந்து பாட்டிலைக் கால் விரல்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். எதிரில் மகள் தனம் கத்தரிக்கோலோடு இருந்தாள். 1985, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை அவர் இறந்துபோனார். அதனால் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை இதுவாயிற்று.

வேலை இன்னதென்று சொல்லிவிட வேண்டும். தனம் சென்னையில், கிண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தாள். கம்பெனி அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் சிறிய கம்ப்யூட்டர்கள் செய்து விற்றது. அவற்றில் ஓடும் கோபால் என்ற நிரல்மொழிக்கு ஒரு கம்பைலரையும் கூடவே கொடுத்தது. கம்பைலருக்கு ஒரு கையேடு. கம்பைலர் புதுசாகும்போதெல்லாம் கையேட்டில் பாதி பழசாகிவிடும். பழசைக் கண்டுபிடித்து எடுக்கிற வேலை தனத்தினுடையது. எடுப்பதென்றால், முந்தைய கையேட்டின் மூலத்தாள்களில் செல்லாத பத்திகளின் மேல் புதுப் பத்தியைத் தட்டச்சு செய்து, வெட்டி ஒட்டுவது. புதுப் பத்தி இல்லாத இடத்தில் வெள்ளைத் தாள். ஒட்டி முடித்ததை அச்சகத்தார் படம் பிடித்து அச்சடிப்பார்கள். அச்சுக்குக் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டதால் தாள் கட்டை ஊருக்கே தூக்கி வந்துவிட்டாள்.

"நாலு ஓரமும் ஒட்டணும் நைனா. போட்டோ புடிக்கறப்ப ஓரம் தூக்கினா நெழல் விழும்."

"நாலு ஓரமும் ஒட்டிட்டா அடியில இருக்கறத எப்படிப் பாக்கறது?"

"எதுக்குப் பாக்கணும்? அது செத்துப்போச்சு."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். மூணு மாசமா இதான் எனக்கு வேலை."

அடுப்படியிலிருந்து அம்மா ஆராயியின் குரல் வந்தது. "கூழ் ஊத்தற நாள்ல அப்பனும் பொண்ணும் செத்தது பொழச்சது பேசறீங்களே, வாயில வேற வார்த்தை வரலையா?"

"கோபாலைப் பத்திப் பேசறோம்டி."

"யாரு அந்த கோபாலு? லெட்டர்லயும் கோபாலு, வீட்டுக்கு வந்தாலும் கோபாலு. நல்ல குடும்பமா இருந்தா கூட்டிட்டு வரச் சொல்லுங்க, பாப்போம்."

தனம் சிரித்ததில் ஆழாக்கு உருண்டு, வாசல் வழியாக வந்த காற்றில் ஒன்பதாம் அதிகாரம் கூடத்தில் பறந்தது.

இருசப்பன் சீட்டு ஒட்டுவதில் கைதேர்ந்தவர் என்பதால்தான் தனம் அவரைக் கூட்டு சேர்த்துக்கொண்டாள். வருவாய்த்துறை அலுவலகம் ஒன்றில் ரெக்கார்டு கிளார்க்காக இருந்தவர். நிலையாணைகள் அடங்கிய தடித்த புத்தகங்களுக்கு மேலிடத்திலிருந்து திருத்தச் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும். இன்ன பக்கத்தில் இன்ன பத்திக்குப் பதில் இது என்று. எந்த அலுவலகத்திலும் அந்தச் சீட்டுகள் கட்டாகக் கிடந்து பல்லியின் முட்டைக்கு மெத்தையாகும். இருசப்பன் மட்டும் வந்த அன்றே ஒட்டுவார். அலுவலகத்தில் அவருக்குக் கோந்து இருசப்பன் என்றுதான் பெயர். 'கோந்து லீவா?' என்று மேலதிகாரியே கேட்டதுண்டு.

அவர் ஒட்டுவதில் ஒரு முறை இருந்தது. சீட்டின் தலைப்பக்கம் மட்டும் கோந்து தடவுவார். மற்ற மூன்று ஓரமும் விட்டுவிடுவார். மேலே இருப்பது இன்றைய விதி. சீட்டைத் தூக்கினால் நேற்றைய விதி. நிலத்தில் இன்றைக்கு நடக்கிற வழக்கு எந்தக் காலத்து விதியில் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் எதையும் மூடிவிடக் கூடாது, மேலே வைக்கலாம், அவ்வளவுதான் என்பார். அவர் பொறுப்பிலிருந்த புத்தகங்கள் மழைக்காலத்துக் கோழி போல இறகை உப்பிக்கொண்டு நிற்கும். மூட வராது. மேலே செங்கல் வைத்திருப்பார்.

அவர் பிறந்தது இதே அடி அண்ணாமலையில், நிலத்தை நம்பிய குடும்பத்தில். அண்ணனுக்கு ஏர் பிடிக்க வந்தது. இவருக்கு வரவில்லை. மாடு இவரைக் கண்டாலே படுத்துக்கொள்ளும் என்று வீட்டில் சொல்வார்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். தற்காலிக வேலையாகச் சேர்ந்தார். பிறகு ரெக்கார்டு அறைக்கு அனுப்பினார்கள். அங்கேயே இருந்துவிட்டார். பதவி உயர்வுத் தேர்வுக்கு இரண்டு முறை பணம் கட்டி இரண்டு முறையும் போகவில்லை. ஒரு முறை தீபத் திருவிழா, பஸ் கிடைக்கவில்லை. இன்னொரு முறை ஏன் என்று சொல்லவில்லை.

வேலைக்குப் போக வர சைக்கிள். காலையில் செங்கம் ரோடு வழியாக, ரமணாசிரமத்தைத் தாண்டி ஊருக்குள் போவார். மாலையில் அதே வழியில் திரும்புவார். மலையைச் சுற்றுகிறவர்கள் மலை வலக்கைப் பக்கம் இருக்கும்படி போவார்கள். இருசப்பனுக்குக் காலையில் மலை இடக்கைப் பக்கம், மாலையில் வலக்கைப் பக்கம். கூட வேலை பார்த்த வேடியப்பனுக்கு இதில் தீராத மனக்குறை.

"ஏன்ணே, வடக்கால வழியா வந்துட்டு தெக்கால வழியா போனா தினத்துக்கும் ஒரு கிரிவலம் ஆவுதில்ல? நீ காலையில எதிர்ச் சுத்து சுத்தற, சாயங்காலம் நேர்ச் சுத்து. கூட்டிக் கழிச்சா சைபரு."

"சைபர்ல இருந்தா நல்லதுடா. சாமிக்கும் நமக்கும் பாக்கி இல்ல."

தனம் ஊரிலேயே அரசுக் கலைக் கல்லூரியில் கணிதம் படித்தாள். பிறகு சென்னையில் கம்ப்யூட்டர் டிப்ளமா. ஊரில் பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது; மீதிப் பேர் அது பெண்களுக்கு ஆகாது என்றார்கள். இருசப்பன் அவளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார். வேலை கிடைத்த பிறகு ஒரு நாள், கம்பைலர் என்றால் இன்னா என்று கேட்டார்.

"நாம எழுதறத மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கும் நைனா."

"ஜமாபந்தி அன்னிக்கு, ஜனங்க எழுதிக் குடுக்கற மனுவ அய்யாவுக்குப் படிச்சுச் சொல்ற ஆள் மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"தப்பாப் படிச்சா?"

"தப்பாப் படிக்காது. ஒரு புள்ளி கம்மியா இருந்தாலும் மனுவத் திருப்பி அனுப்பிடும்."

"அப்ப நம்ம ஆளவிடத் தேவல."

அதற்குப் பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் கையேட்டின் பக்கங்களைப் புரட்டுவார். ஆங்கிலம் அலுவலகத்து ஆங்கிலம்தான், ஆனால் விதிகளைப் படித்துப் பழகியவர். ஒரு வரியின் ஏழாவது கட்டத்தில் நட்சத்திரக் குறி போட்டால் கம்பைலர் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும் என்று படித்தபோது அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. "அடிக்கவும் வேணாம், படிக்கவும் வேணாம். இருக்கும், ஆனா செல்லாது. நம்ம டிபார்ட்மெண்ட்ல இந்த வசதி இல்லையே," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அதிகாரங்கள் வரிசையாக முடிந்தன. தனம் சொன்னபடி நாலு ஓரமும் ஒட்டினார். ஓரங்களை நகத்தால் நீவிவிட்டார். கைக்குப் பழகாத வேலை என்பது முகத்தில் தெரிந்தது. ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு பத்திக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

அது கார்டுகளைப் பற்றிய பத்தி. முன்பெல்லாம் நிரலை அட்டைகளில் துளையிட்டு, கட்டாக அடுக்கி, மெஷினுக்குள் ஊட்டுவார்கள். கட்டின் முதலில் எந்தக் கார்டு வர வேண்டும், கடைசியில் எது என்று அந்தப் பத்தி சொன்னது. புதுக் கம்பைலர் கார்டுகளைப் படிக்காது. ஃபிளாப்பி எனும் தட்டு மட்டும்தான். புதுப் பத்தி இரண்டே வரியில் அதைச் சொன்னது.

"இது வேணாம்னா, இப்ப கார்டு போடறவன் இன்னா பண்ணுவான்?"

"யாரும் போடறதில்ல."

"அருணகிரி மில்லுல போடறாங்களே."

அருணகிரி வேடியப்பனின் தம்பி. செங்கம் பக்கம் ஒரு நூற்பாலையில், ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீசில் இருந்தான். அந்த ஆலைக்குத் தனத்தின் கம்பெனிதான் பல வருடங்களுக்கு முன் மெஷின் விற்றிருந்தது.

"எப்படித் தெரியும் நைனா?"

"அவன் பையில ஓட்டை போட்ட கார்டு பாத்திருக்கேன். கட்டு கட்டா வெச்சிருக்கான்."

"அது பழைய கார்டு. எங்க ஆபீஸ்லயும்தான் மளிகைச் சாமான் எழுத ஆளாளுக்கு எடுத்துட்டுப் போறாங்க."

"பழசா புதுசான்னு போய்ப் பாத்தியா?"

"கஸ்டமர் ஒவ்வொருத்தரையும் போய்ப் பாத்துட்டு இருந்தா புக்கு அடுத்த தீபத்துக்குத்தான் வரும்."

"ஸ்தலத்துல பாக்காம பண்ற ரத்து செல்லாதும்மா," என்றார் இருசப்பன். கோபமாக இல்லை. நல்லெண்ணெய் தேய்த்துக் குளி என்று சொல்வதுபோல.

இந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு புளியமரம் உண்டு. தனம் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. எங்கேயோ ஒரு சிற்றூரில் ஒரு கிழவியின் பேரிலிருந்த புளியமரம் பட்டுப்போய்விட்டதென்று கிராமக் கணக்கில் எழுதி, மரத்தின் மேல் அவளுக்கிருந்த உரிமையை ரத்து செய்துவிட்டார்கள். கிழவி ஒவ்வொரு ஜமாபந்திக்கும் வந்து, மரம் நிக்குது சாமி, காய்க்குது சாமி என்று அழுதாள். இருசப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்ப் பார்த்தார். அது அவர் வேலையே இல்லை. மரம் நின்றது. காய்த்தும் இருந்தது. ஒரு பிடி புளியைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து திங்கட்கிழமை தலைமைக் குமாஸ்தாவின் மேசையில் வைத்தார்.

"இது செத்த மரத்துப் புளிங்க சார்."

"அப்படியா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ரசம் வெச்சுக் குடி," என்றாராம் தலைமைக் குமாஸ்தா.

அதோடு கதை முடிந்துவிடும். மரம் கிழவிக்குத் திரும்பக் கிடைத்ததா என்று தனம் ஒவ்வொரு முறையும் கேட்பாள். இல்லை என்பார். கிழவி போய்ச் சேர்ந்தாள், மரம் இருக்கிறது என்பார். ரசம் நன்றாக இருந்தது என்று ஆராயி சேர்த்துக்கொள்வாள்.

கார்டுப் பத்தியின் மேல் சீட்டை வைத்து, தலைப்பக்கம் மட்டும் கோந்து தடவி ஒட்டினார் இருசப்பன். மற்ற ஓரங்களைத் தொடவில்லை.

"நைனா."

"இருக்கட்டும். புதன்கிழமை போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன். இல்லன்னு சொன்னா நீயே நாலு ஓரத்துலயும் தடவிக்கோ. உன் கோந்துதானே, உன் கையிதானே."

அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சரி என்றாள். கட்டைப் பெரிய உறையில் போட்டு, துணிப்பையில் வைத்து, மகளை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார் இருசப்பன். எதிர்க்காற்று. ஆசிரமத்துக்கு முன்னால் இறங்கித் தள்ளினார். மூச்சு வாங்கியது. நீ வெயிட்டு ஏறிட்ட என்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னலருகில் வந்து, "அஞ்சாம் அதிகாரம்," என்றார். "தெரியும் நைனா," என்றாள் அவள். அவ்வளவுதான் பேசியது.

திங்கட்கிழமை கட்டைக் கொண்டுபோய் அலுவலகத்தில் தன் மேசைமேல் வைத்தாள் தனம். தகவல் வரட்டும், ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தாள். செவ்வாய்க்கிழமை ஹாஸ்டலுக்குத் தந்தி வந்தது.

ரெக்கார்டு அறையில் ஏணியிலிருந்து இறங்கியவர் தண்ணீர் கேட்டிருக்கிறார். வேடியப்பன் சொம்பில் கொண்டுவருவதற்குள் கட்டுகளின் மேல் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்றார் டாக்டர். நெஞ்சு வலி என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. வாய்வு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். எத்தனை நாளாக என்று ஆராயிக்கும் தெரியவில்லை.

காரியங்கள் நடந்தன. அண்ணன் மகன் கொள்ளி வைத்தான். அலுவலகத்திலிருந்து மாலை வந்தது. கருமாதி வரை தனம் ஊரிலிருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் நல்ல மனுஷன் என்றார்கள். சைக்கிள் அலுவலகக் கொட்டகையிலேயே பூட்டியபடி நின்றது. சாவி அவர் அரைஞாணில் இருந்தது, கழற்றும்போது எங்கேயோ போய்விட்டது.

இந்த நாட்களில் சென்னையில் ஒன்று நடந்தது. அச்சகத்து ஆள் வந்து கட்டைக் கேட்டான். தனத்தின் மேலதிகாரி ராமதாஸ், மேசைமேல் கட்டு உறைக்குள் தயாராக இருந்ததைப் பார்த்து, வேலை முடிந்திருக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். அச்சகத்தில் படம் பிடிக்கிறவர் ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியின் கீழ் வைத்தார். எல்லாச் சீட்டும் அழுந்த ஒட்டியிருக்க, ஒன்று மட்டும் காற்றில் ஆடியது. வேண்டாதது, தவறி ஒட்டிக்கொண்டது என்று நினைத்து அதைப் பிய்த்து உறைக்குள் போட்டுவிட்டுப் படம் பிடித்தார். யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

தனம் வேலைக்குத் திரும்பியபோது கையேடுகள் அச்சாகி, தைத்து, சுவரோரம் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. நீல அட்டை. புது மையின் வாசனை. அவள் முதலில் ஐந்தாம் அதிகாரத்தைத்தான் திறந்தாள். செத்துப்போனதென்று அவள் சொன்ன பத்தி, முதல் கார்டு எது கடைசிக் கார்டு எது என்று, பளிச்சென்று இருந்தது.

ராமதாஸ் நல்ல மனிதர். துக்கம் விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. இந்த ஒரு பாரா மட்டும் எப்படி வந்துச்சு?"

"சீட்டு முழுசா ஒட்டல சார்."

"ஒண்ணு விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல. கேட்டுட்டு ஒட்டலாம்னு வெச்சிருந்தோம்."

"யாரக் கேட்டு?"

அவள் நூற்பாலையைச் சொன்னாள். ராமதாஸ் அந்த ஆலையின் கோப்பை வரவழைத்துப் பார்த்தார். ஆலை நான்கு வருடத்துக்கு முன்பே ஃபிளாப்பி யூனிட் வாங்கியிருந்தது. அதற்குப் பிறகு பழுது பார்க்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அதனால் கம்பெனி ஆள் யாரும் அங்கே போனதில்லை.

"ஃபிளாப்பி வாங்கினவன் எதுக்குக் கார்டு போடப்போறான்? ஒரு சின்ன சீட்டு அடிச்சுடுவோம். இந்தப் பாரா நீக்கப்பட்டதுன்னு. எல்லாப் புக்குலயும் ஒட்டிட்டு அனுப்பிடலாம். திங்கட்கிழமை பார்சல் கட்டணும்."

"போடறாங்கன்னா சார்?"

"போட்டா?"

"நம்ம புதுக் கம்பைலரும் இந்தப் புக்கும் அவங்களுக்கும் போவுது. ஏத்திடுவாங்க. அப்புறம் கார்டு போட்டா மெஷின் எடுக்காது. அந்த மாசம் மில்லுல யாருக்கும் சம்பளக் கணக்கு வராது."

ராமதாஸ் யோசித்தார். "டிரங்கால் போட்டுக் கேட்டுடுங்களேன்."

போட்டாள். மதியத்துக்கு மேல் கிடைத்தது. இரைச்சலுக்கு நடுவில் ஆலையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"கார்டா? எந்தக் கார்டு? ரேஷன் கார்டா?"

"கம்ப்யூட்டர்ல போடற கார்டுங்க. ஓட்டை போட்டது."

"அதெல்லாம் இல்லைங்க."

"இல்லைன்னா, இப்ப போடறதில்லையா?"

"இருங்க, மெஷின் ரூம்காரு வெளிய போயிருக்காரு. இருக்குது போலங்க. எனக்குத் தெரியாதுங்க. நீங்க யாரு பேசறது?"

இணைப்பு அறுந்தது.

தனம் அன்று இரண்டு திருத்தச் சீட்டுகளைத் தட்டச்சு செய்தாள். ஒன்று, இந்தப் பத்தி நீக்கப்பட்டது என்றது. மற்றொன்று, இந்தப் பத்தி பழைய கம்பைலருக்கு மட்டுமே பொருந்தும், கார்டு பயன்படுத்துவோர் புதியதை ஏற்ற வேண்டாம், கம்பெனிக்கு எழுதவும் என்றது. இரண்டையும் ராமதாஸின் முன்னால் வைத்தாள்.

"ரெண்டுல எதும்மா?"

"சனிக்கிழமை லீவு வேணும் சார். திங்கட்கிழமை காலையில சொல்றேன்."

"இதுக்காகவா ஊருக்குப் போறீங்க? ரெண்டாவதையே போட்டுட்டாப் போச்சு. யாருக்கும் நஷ்டமில்ல."

அவர் சொன்னதில் தவறில்லை. இரண்டாவது சீட்டு எல்லாரையும் காப்பாற்றிவிடும். ஆனால் கார்டே இல்லாத ஊரெல்லாம் கார்டைப் பற்றிய ஒரு பத்தியைச் சுமந்துகொண்டு இன்னொரு பதிப்பு வரைக்கும் போகும். பழசை எடுப்பதுதான் அவள் வேலை. எடுக்க வேண்டுமென்றால் அது இறந்திருக்க வேண்டும். இறந்ததா என்று ஒருவர் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார், அவர் போகவில்லை. "பாக்கணும் சார்," என்று மட்டும் சொன்னாள். அவர் லீவில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை இரவு அவள் வீடு வந்து சேர்ந்தபோது வேடியப்பன் வந்து உட்கார்ந்திருந்தார். இருசப்பனின் சைக்கிளைப் பூட்டு உடைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். வடக்கு வழியாக.

"நேர்ச் சுத்துல ஆபீஸ்லேந்து வரணும்னா தெக்கால வழிதானே சித்தப்பா?" என்றாள் தனம்.

"அட ஆமா. எனக்கே எதிர்ச் சுத்து ஆயிடுச்சா? உங்க நைனா சைக்கிளு, அதுவா இழுத்துட்டு வந்துடுச்சு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆராயி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

தனம் மில்லைப் பற்றிச் சொன்னாள். வேடியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதான் விஷயமா? போறதுக்கு முந்தின நாளு, திங்கட்கிழமை, என்கிட்ட வந்து, உன் தம்பிக்கு இந்த வாரம் எந்த ஷிப்டுன்னு கேட்டாரு. காலை ஷிப்டுன்னேன். புதன்கிழமைக்கு லீவு எழுதிக் குடுத்தாரு. எதுக்குண்ணே லீவுன்னேன், ஸ்தல விசாரணைன்னாரு. மில்லுல நமக்கு இன்னாண்ணே ஸ்தல விசாரணைன்னேன். பாப்பா ஒரு ரத்து பண்றா, பாக்காம பண்றான்னாரு."

ஆராயி சொன்னாள்: "ஆமா. வெள்ளைச் சட்டையை இஸ்திரிப் பொட்டி போட்டு வைன்னாரு. செவ்வாக்கிழமை காலையிலதான் போட்டு வெச்சேன். கொடியிலதான் இருக்குது."

மூவரும் கொடியைப் பார்க்கவில்லை.

"நீ எதுக்கும்மா அலையற," என்றார் வேடியப்பன். "நான் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிடறேன்."

"அவருக்குக் கார்டு இருக்கறது தெரியும் சித்தப்பா. மெஷினுக்குள்ள போவுதா, மளிகைக் கடைக்குப் போவுதான்னு மெஷின் ரூம்லதான் பாக்கணும்."

"வந்துட்டாருய்யா ரெவின்யூ இன்ஸ்பெக்டரு. அண்ணி, கேட்டீங்களா? புளியமரத்துப் புளியும் கையோட கொண்டாந்துடுவா."

"கொண்டாரட்டும். வீட்ல புளி இல்ல," என்றாள் ஆராயி.

வேடியப்பன் எழுந்து போன பிறகு தனம் பையை எடுத்து வைத்தாள். அச்சகத்து உறையில் கிடந்த சீட்டு அதில் இருந்தது. தலைப்பக்கம் கோந்து காய்ந்து மஞ்சளாக, கோடு பிடித்தாற்போல நேராக இருந்தது. மற்ற மூன்று ஓரமும் சுத்தம். ஆராயி பாயை விரித்துவிட்டு, காலையில் எத்தனை மணிக்கு எழுப்ப என்று கேட்டாள்.

செங்கம் பஸ் விடிந்ததும் முனையில் நிற்கும். அதில் ஏறி, ஆலை வாசலில் இறங்கி, அருணகிரியைப் பிடித்து, மெஷின் ரூமுக்குள் போய், கார்டு போடுகிறார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். இருசப்பன் புதன்கிழமைக்கு வைத்திருந்த வேலை அது. பார்த்த பிறகு ஒட்டலாம்.